கொ, கோ, கௌ மட்டும் திறக்காத சர்வர்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பதினோரு போன்களில் 'தொட்டில் தாலாட்டு 3' திறந்தது. மூன்று வாரமாக 404, அதாவது 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த கோப்பு அது. எப்படித் திறந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளை லினக்ஸ் சர்வரில் ஏற்றப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தைந்து வருடமாகச் சுற்றுவட்டாரத்தில் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, கும்மி என்று பாடியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார், ஒலிப்பதிவும் செய்திருக்கிறார். பாடியவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. மொத்தம் 4,312 கோப்புகள், 61 ஜிபி. "இது என் பெட்டியிலயே இருந்தா என்னோட போயிடும் தம்பி. புள்ளைங்க போன்ல கேக்குற மாதிரி வச்சுக் கொடு" என்றார்.

இணையத்தில் ஏற்றிவிடலாமே என்று பலர் கேட்டார்கள். ஒப்பாரிப் பாட்டுகளை ஊருக்கு வெளியே வைக்கச் சில குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. அது அவர்கள் வீட்டுத் துக்கம், அவர்கள் சொன்னதுதான் சரி. அதனால் படிப்பகத்துக்குள் வந்தால் மட்டும் கிடைக்கிற மாதிரி, உள்ளேயே ஒரு சர்வர் வைப்பது என்று முடிவு செய்தோம்.

நான் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உதவியாளர். வேலையில் பார்ப்பது பெரும்பாலும் விண்டோஸ். லினக்ஸ் சர்வர் வீட்டில் ஆர்வத்துக்காகப் பழகியது.

பெட்டி, ஒயர், விலை

சென்னை ரிச்சி தெருவில் பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ ஒன்று 9,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஐ5-7500டி ப்ராசசர், 8 ஜிபி ராம். ஒரு தடிமனான அகராதி அளவுதான் இருக்கும். சும்மா இருக்கும்போது பத்து, பன்னிரண்டு வாட்டுக்கு மேல் இழுக்கவில்லை. 1 டிபி எஸ்எஸ்டி 5,400, 600 விஏ யுபிஎஸ் 3,100, கேட்6 ஒயரும் கனெக்டர்களும் 750. ரவுட்டர் என் வீட்டில் சும்மா கிடந்தது. கடைசியில் லேமினேஷனுக்கு ஒரு 120 ஆனது, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆக 18,870 ரூபாய். ஊர்க்காரர்கள் நான்கு பேர் பங்கு போட்டார்கள்.

ஒயரை நானே அடித்தேன். அலமாரிக்குப் பின்னால் குனிந்து டார்ச் வெளிச்சத்தில் அடித்தது. ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. வரிசை சரிதான். லிங்க் விளக்கும் எரிந்தது. ஆனால் கோப்புகளை அனுப்பியபோது வினாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை. இந்த எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும், அது 100 மெகாபிட் லிங்கின் வேகம். லிங்க் வேகத்தைக் காட்டும் 'ஈத்டூல்' கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 100 என்றே காட்டியது. 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கடைசிப் பழுப்புக் கம்பி கனெக்டரின் முனைவரை போகாமல் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. வெட்டி மறுபடி அடித்ததும் 1000 வந்தது. விளக்கு எரிகிறது என்பதை வைத்து ஒயர் சரி என்று இனி நம்ப மாட்டேன்.

போர்ட் 53

உபுண்டு சர்வர் 24.04 என்ற லினக்ஸைப் போட்டேன். ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு, 2029 வரை தொட வேண்டாம் என்பதுதான் காரணம். சர்வரின் முகவரியை, உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் 192.168.50.10 என்று நிலையாக வைத்தேன். நெட்பிளான் கோப்பில் டேப் விசையைத் தொடக்கூடாது, இடைவெளி மட்டும்தான். மாற்றத்தை 'நெட்பிளான் ட்ரை' என்று போட்டுப் பார்ப்பது நல்லது. 120 வினாடிக்குள் நாம் சரி என்று சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து இணைந்து வேலை பார்க்கும்போது இது உயிர்காக்கும்.

படிப்பகத்தில் ஏற்கெனவே பைபர் இணைப்பு உண்டு. போன்களுக்கு முகவரி கொடுப்பதையும் (டிஎச்சிபி) தளத்தின் பெயருக்கு எண் சொல்வதையும் (டிஎன்எஸ்) என் சர்வரே செய்ய வேண்டும் என்று டிஎன்எஸ்மாஸ்க் நிறுவினேன். இரண்டு வேலைக்கும் சேர்த்து அது ஒன்றே போதும். நிறுவியதுமே விழுந்துவிட்டது. பெயர் கேட்கும் கோரிக்கைகள் வந்து சேரும் வாசலான போர்ட் 53-ஐ வேறு யாரோ பிடித்திருப்பதாகப் பிழை. பிடித்திருந்தது உபுண்டுவிலேயே வரும், பெயருக்கு எண் தேடித்தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு. 127.0.0.53 என்ற உள்முகவரியில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே முதல் தப்பு. ரிசால்வ்டை மொத்தமாக நிறுத்திவிட்டேன். டிஎன்எஸ்மாஸ்க் எழுந்தது, சந்தோஷம். அப்புறம் விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிர உதவும் சாம்பாவை நிறுவப் போனால் எந்தப் பெயரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்ற கோப்பு உண்மையில் ரிசால்வ்டு உருவாக்கும் கோப்புக்கு ஓர் இணைப்புதான். அது நின்றதும் இணைப்பு அந்தரத்தில் தொங்கியது. ஒரு மணி நேரம் ஒயரையும் ரவுட்டரையும் சோதித்துக்கொண்டிருந்தேன், கோளாறு என் கையால் வந்தது.

சரியான வழி, இரண்டையும் வாழவிடுவது. ரிசால்வ்டைத் திரும்ப எழுப்பிவிட்டு, டிஎன்எஸ்மாஸ்க்கில் எந்த இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு முனை) என்று சொல்லி, 'பைண்ட்-இன்டர்ஃபேசஸ்' என்ற வரியைச் சேர்த்தேன். அப்போது அது எல்லா முகவரிகளையும் ஒட்டுமொத்தமாகப் பிடிக்காமல் தனக்குச் சொன்னதை மட்டும் பிடிக்கும். இரண்டு வாரம் கழித்து இந்த வரியும் காலை வாரியது. மின்சாரம் போய் வந்தபோது நெட்வொர்க் எழுவதற்கு முன்பே டிஎன்எஸ்மாஸ்க் எழுந்து, அப்படி ஓர் இன்டர்ஃபேஸே இல்லை என்று சொல்லிப் படுத்துவிட்டது. 'பைண்ட்-டைனமிக்' என்று மாற்றிய பிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை. இன்டர்ஃபேஸ் எப்போது வந்தாலும் அது பிடித்துக்கொள்கிறது.

இரண்டு பேர் முகவரி கொடுத்தால்

பாதிப் போன்களில் தளம் திறந்தது, பாதியில் இல்லை. மறுபடி இணைத்தால் திறந்தது திறக்கவில்லை, திறக்காதது திறந்தது. இப்படி மாறி மாறி நடந்தால் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான், ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி சர்வர். போன் 'எனக்கு முகவரி வேண்டும்' என்று பொதுவாகக் கத்துகிறது. யார் பதில் முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. இணைப்பு நிறுவனம் வைத்த பெட்டியும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது, என் சர்வரும் கொடுத்துக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் காட்டும் 'டிசிபிடம்ப்'பை, டிஎச்சிபி பேசும் 67, 68 போர்ட்டுகளில் ஓடவிட்டதும் இரண்டு பதில்களும் அடுத்தடுத்த வரியில் தெரிந்தன.

அந்தப் பெட்டியில் டிஎச்சிபியை அணைக்கிற வசதி நமக்குப் பூட்டியிருந்தது. அதனால் நடுவில் என் பழைய ரவுட்டரை வைத்தேன். அதன் 'வான்' எனும் வெளிப்பக்கம் அந்தப் பெட்டிக்கு, 'லேன்' எனும் உள்பக்கம் எங்களுக்கு. ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, 192.168.50.100 முதல் 200 வரை என் சர்வர் கொடுக்கிற மாதிரி வைத்தேன். ஒரு முகவரி இரண்டு மணி நேரத்துக்கு. படிப்பகத்துக்கு வந்து போகிற கூட்டத்துக்கு அது போதும்.

பெயரிலும் ஒரு சுற்று சுற்றினேன். முதலில் முடிவில் 'டாட் லோக்கல்' என்று வைத்தேன். அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்ட பெயர், சில கருவிகள் என் சர்வரிடம் கேட்கவே கேட்காமல் அறை முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்றுவிடும். 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 'டாட் இன்டர்னல்' என்பதை உள்வலைகளுக்கென்றே ஒதுக்கிவிட்டது, வெளி இணையத்தில் அது எப்போதும் வராது. அதற்கு மாறி 'நூல் டாட் இன்டர்னல்' என்று வைத்தேன். அதைத் தட்டினால் சில பிரவுசர்கள் தேடல் பக்கத்துக்குக் கூட்டிப்போகின்றன. ஒரு பையன் போனில் விளம்பரம் தடுக்கப் ப்ரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தான், அந்தப் போன் என் சர்வரிடம் பெயரே கேட்காது. போதும் என்று, 192.168.50.10 என்ற எண்ணையே கியூஆர் கோடாக அச்சிட்டு லேமினேட் செய்து நான்கு மேசையிலும் ஒட்டிவிட்டேன். அந்த 120 ரூபாய் இதுதான்.

அந்த அட்டையில் இன்னொரு வரியும் அச்சிட்டிருக்கிறேன்: 'மொபைல் டேட்டாவை அணைக்கவும்.' பைபர் அறுந்த நாளில் கண்டுபிடித்தது. வைஃபையில் இணையம் வரவில்லை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு போன் சத்தம் இல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. வைஃபை அடையாளம் தெரியும், தளம் திறக்காது. இணையமே இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும் என்றுதானே இந்தச் சர்வரையே வைத்தோம்.

வலைத்தளம்

பக்கங்களைப் பிரவுசருக்குக் கொடுக்கும் என்ஜின்எக்ஸைப் போட்டது பத்து நிமிடம். கோப்புகளைச் சர்வரில் என் கணக்குக்கான வீட்டு அடைவுக்குள் (ஹோம் ஃபோல்டர்) வைத்ததால் 403 (அனுமதி இல்லை) வந்தது. உபுண்டுவில் இப்போது வீட்டு அடைவுக்கு 750 அனுமதிதான், என்ஜின்எக்ஸின் பயனர் உள்ளே நுழைய முடியாது. வீட்டைத் திறந்துவிடாமல் கோப்புகளை 'எஸ்ஆர்வி' அடைவுக்கு மாற்றினேன், தீர்ந்தது.

அடுத்து, உரைக் கோப்புகள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. என்ஜின்எக்ஸ் தானாக எழுத்துக்குறியாக்கம் எதுவென்று சொல்வதில்லை. அமைப்புக் கோப்பில் 'சார்செட் யுடிஎஃப்-8' என்று ஒரே வரி சேர்த்ததும் பெரும்பாலானவை தமிழாகிவிட்டன. ஆகாதவை 640. அவை 2000-ஐ ஒட்டிய வருடங்களில் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சிட்ட கோப்புகள். இதற்குத் தனிக் கருவி தேட வேண்டுமோ என்று பயந்தேன், தேவைப்படவில்லை. லினக்ஸில் எப்போதும் இருக்கிற, குறியாக்கம் மாற்றும் 'ஐகான்வ்' கட்டளைக்குத் திஸ்கி தெரிந்திருக்கிறது. திஸ்கியில் 'கெ' என்பதில் கொம்புதான் முதலில் இருக்கும், க அப்புறம், நாம் கையால் எழுதுகிற வரிசை. ஒருங்குறியில் (யூனிகோட், அதைச் சேமிக்கும் முறைதான் யுடிஎஃப்-8) எழுத்து முதலில், குறி பின்னால். அந்த மாற்றத்தையும் ஐகான்வ்வே பார்த்துக்கொண்டது. பத்துக் கோப்புகளை ஐயாவும் நானும் வரி வரியாக ஒப்பிட்டோம், ஒரு பிழைகூட இல்லை.

கொம்பும் காலும்

இப்போது அந்தத் தாலாட்டுக்கு வருகிறேன்.

கோப்புகள் இரண்டு இடத்திலிருந்து வந்தன. ஐயாவின் விண்டோஸ் லேப்டாப்பில் இருந்ததைச் சாம்பா வழியாகப் போட்டோம். மீதி அவர் மகனின் பழைய மேக்கில் இருந்தது. அதைப் படிப்பகத்துக்கே தூக்கிவந்து, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அனுப்பினோம். ஐயா தன் கையால் ஒரு பொருளடக்கம் தட்டச்சிட்டுக் கொடுத்தார். எந்தப் பாட்டு, பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று. அதை ஒரு வலைப்பக்கமாக்கி ஒவ்வொரு பெயருக்கும் கோப்பின் இணைப்பைக் கொடுத்தேன்.

'நடவுப்பாட்டு 12' திறக்கிறது. 'ஒப்பாரி 7' திறக்கிறது. 'தொட்டில் தாலாட்டு 3' 404. 'கோடை நடவு' 404. அடைவுக்குள் போய்ப் பார்த்தால் 'தொட்டில் தாலாட்டு 3' அங்கேயே இருக்கிறது. என்ஜின்எக்ஸின் தானியங்கிப் பட்டியலில் அதே பெயரைத் தொட்டால் திறக்கிறது. பொருளடக்கத்திலிருந்து தொட்டால் இல்லை. பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. இடைவெளியில் ஏதாவது மறைந்த குறி இருக்குமோ என்று எல்லாப் பெயரிலும் இடைவெளிக்குப் பதில் கோடு போட்டேன். பயனில்லை. அனுமதிகளை மாற்றினேன். பிரவுசரை மாற்றினேன். என்ஜின்எக்ஸையே கழற்றிவிட்டு அதே வேலை செய்யும் அப்பாச்சியைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் 404, திரும்ப என்ஜின்எக்ஸுக்கே வந்தேன். ஒரு வாரம் இதில் போனது.

அடுத்த சனிக்கிழமை திறக்காத பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஐயாவிடம் கொடுத்தேன். பெயரில் ஏதாவது தட்டச்சுப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்றுதான் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு பெயரிலும் ஓர் எழுத்தைச் சுழித்துக்கொண்டே வந்தார். தொட்டில், கோடை, பொங்கல், கௌரி நோன்பு, சோறு. இருபது பெயர் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"தம்பி, திறக்காதது எல்லாத்துலயும் கொம்பும் காலும் சேந்த எழுத்து ஒண்ணு இருக்கு பாரு. கொம்பு மட்டும் இருக்குறதும் திறக்குது, கால் மட்டும் இருக்குறதும் திறக்குது. ரெண்டும் சேந்தாத்தான் நிக்குது. கைத்தறிப் பாட்டு திறக்குதா?"

திறந்தது.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று புரிந்தது. 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். க-வும் அதோடு 'ொ' என்ற ஒரே குறியும் ஒரு விதம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டு இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'. ஒவ்வொரு துண்டும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், அதனால் முதலாவது 6 பைட், இரண்டாவது 9. 'கோ'வும் 'கௌ'வும் இதே மாதிரி. ஐகார 'ை' மட்டும் ஒற்றைக் குறிதான், அது பிரிவதில்லை. கைத்தறி திறந்ததும் அதனால்தான்.

பழைய மேக்கின் எச்எஃப்எஸ் ப்ளஸ் கோப்பு முறைமை எல்லாப் பெயரையும் பிரித்த வடிவில்தான் வைத்துக்கொள்ளும். ஐயா விண்டோஸில் தட்டச்சிட்ட பொருளடக்கத்தில் சேர்ந்த வடிவம். லினக்ஸுக்குக் கோப்பின் பெயர் வெறும் பைட்டுகள், அது கொம்பையும் காலையும் சேர்த்துப் பார்க்காது. என்ஜின்எக்ஸும் பார்க்காது. வந்த கோரிக்கைகளை எல்லாம் எழுதிவைக்கும் அணுகல் பதிவைத் திறந்து பார்த்தேன். அங்கே ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரிந்து கிடக்கும், ஒரு பாட்டின் பெயரே மூன்று வரி வரும். பட்டியலிலிருந்து தொட்ட கோரிக்கையையும் பொருளடக்கத்திலிருந்து தொட்ட கோரிக்கையையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தேன். 'தொ' வருகிற இடத்தில் ஒன்று ஒன்பது எழுத்து நீளமாக இருந்தது. முதல் நாளே இந்தப் பதிவை இப்படி ஒப்பிட்டிருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சம்.

தீர்வுக்கு 'கான்வ்எம்வி' என்ற சின்னக் கருவி. அடைவுக்குள் இருக்கும் எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும். முதலில் என்ன மாற்றுவேன் என்று மட்டும் சொல்லும், 'நோடெஸ்ட்' என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். நல்ல பழக்கம். அந்த ஒத்திகையில் இன்னொன்று தெரிந்தது. 84 இடங்களில் மாற்றப்போகும் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. லேப்டாப்பிலும் மேக்கிலும் இருந்த அதே பாட்டுகள். அடைவைப் பட்டியலிட்டால் ஒரே பெயர் இரண்டு முறை அடுத்தடுத்து நிற்கும். ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்பைப் பார்ப்பது கண்ணுக்கு நம்ப முடியாத காட்சி. செக்சம் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) எடுத்துப் பார்த்ததில் 81 அச்சு அசல் ஒன்று, மேக்கில் இருந்ததை அழித்தேன். மூன்றில் வித்தியாசம் இருந்தது. ஐயா இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் இருக்கட்டும், அந்தம்மா ரெண்டு நாள் ரெண்டு விதமாப் பாடினாங்க" என்றார். மூன்றுக்கும் பெயருக்குப் பின்னால் 'மறுபாடல்' என்று சேர்த்தோம்.

அதற்குப் பிறகு பழைய மேக்கிலிருந்து வந்த கடைசித் தொகுப்பை ஆர்சிங்க்கின் 'ஐகான்வ்' தெரிவோடு, அந்தப் பக்கம் மேக் வடிவம், இந்தப் பக்கம் சாதாரண யுடிஎஃப்-8 என்று சொல்லி அனுப்பினேன். வரும்போதே சரியாக வந்தது. அந்தத் தெரிவு மேக்கோடு வரும் பழைய ஆர்சிங்க்கில் இல்லை, புதியதை நிறுவ வேண்டியிருந்தது.

நீளமான பெயர்களும் அகராதி வரிசையும்

19 கோப்புகள் சாம்பா வழியாக ஏறவே இல்லை. பெயர் நீளம் என்றது. ஐயா சில பாட்டுகளுக்கு முதல் அடி முழுவதையும் பெயராக வைத்திருந்தார். விண்டோஸில் 255 குறிகள் வரை போகும். ext4 என்று ஆங்கிலத்தில் எழுதும் லினக்ஸ் கோப்பு முறைமையில் 255 பைட்தான். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் என்றால் 85 குறி. 'தமிழ்' என்ற சொல்லுக்கே த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். ஆக இப்படிப் பதினேழு சொல், இடைவெளிகூட இல்லாமல். அந்த 19-க்கும் சுருக்கமான பெயர் வைத்து, முதல் அடியை முழுதாகப் பொருளடக்கத்தில் காட்டினேன்.

அடுத்து வரிசை. என்ஜின்எக்ஸ் பட்டியல் ஒருங்குறி எண் வரிசையில் அடுக்குகிறது. அதில் ந-வுக்குப் பக்கத்திலேயே ன வந்துவிடும், ர-வுக்குப் பக்கத்தில் ற. ல, ள, ழ, வ என்று போகும். ஐயா பார்த்ததுமே, "ய ர ல வ ழ ள ற ன எங்க போச்சு?" என்று கேட்டார். புள்ளியும் கடைசியில் வருவதால் 'அகம்' முதலிலும் 'அக்கா' பிறகும் வந்தன. அகராதியில் அக்காதான் முதலில். பைத்தானில் நாற்பது வரி எழுதி, எழுத்து வரிசையை நானே பட்டியலாகக் கொடுத்துப் பொருளடக்கத்தை உருவாக்கினேன். அதே நிரல்தான் ஐயா புதிதாகப் போடுகிற கோப்பின் பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுகிறது, நீளத்தைச் சோதிக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பிக்கிறது. இந்த வேலையிலேயே எனக்கு மனநிறைவு தந்தது இந்த நாற்பது வரிதான்.

கரண்ட்

ஒரு நாள் அந்த நிரல் ஓடும் நொடியில் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து பொருளடக்கம் காலிக் கோப்பாகிவிட்டது. அப்போதிலிருந்து நிரல் முதலில் வேறொரு பெயரில் முழுதாக எழுதிவிட்டுக் கடைசியில் பெயரை மாற்றுகிறது. பாதி எழுதிய பக்கம் யார் கண்ணிலும் படாது.

யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. இல்லாததால் கரண்ட் போனது சர்வருக்குத் தெரியாது. ரவுட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாமல் நேராகச் சுவரில் மாட்டி, சர்வர் ரவுட்டரை பிங் செய்துகொண்டே இருக்க வைத்தேன். ரவுட்டர் ஐந்து நிமிடம் பதில் சொல்லாவிட்டால் சர்வர் தானே முறையாக அணையும். அணைந்தது, ஆனால் திரும்ப எழவில்லை. பயோஸில், கரண்ட் திரும்பியதும் தானாக எழுப்பும் 'ஏசி ரிக்கவரி' போட்டிருந்தேன்தான். ஆனால் யுபிஎஸ் சர்வருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்ததால், சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, வருவதற்கும் ஒன்றும் இல்லை. இப்போது ஐந்து நிமிடத்தை 45 ஆக்கியிருக்கிறேன், பேட்டரி ஒன்றேகால் மணி நேரம் தாங்குகிறது. சின்னச் சின்ன மின்வெட்டை அது கடந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து நிறுத்துகிற நாளில் அணைந்துவிடும். பயோஸ் தினமும் காலை 8.30-க்குத் தானாக எழுப்பும். இடையில் வேண்டுமென்றால் படிப்பகம் பார்த்துக்கொள்ளும் அக்கா பொத்தானை அழுத்துகிறார், பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டியிருக்கிறேன்.

வாரம் ஒருமுறை 2 டிபி யுஎஸ்பி டிஸ்கில் பிரதி எடுக்கிறேன். அந்த டிஸ்க் ஐயா வீட்டில் ஏற்கெனவே இருந்தது, எடுத்து முடித்ததும் அவர் வீட்டுக்கே போய்விடும். போன வாரம் அதிலிருந்து ஓர் அடைவை என் லேப்டாப்பில் மீட்டு, இருபது பாட்டைப் போட்டுக் கேட்டேன்.

மறுபடி முதலிலிருந்து செய்தால் யுஎஸ்பி உள்ள யுபிஎஸ்தான் வாங்குவேன், ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கூடினாலும் பரவாயில்லை. டிஎன்எஸ்மாஸ்க்கில் முதல் நாளே பைண்ட்-டைனமிக். பெயரைப் பற்றி யோசிக்காமல் முதலிலேயே கியூஆர் அட்டை. முக்கியமாக, எந்தக் கோப்பையும் ஏற்றுவதற்கு முன்பே கான்வ்எம்வி ஒத்திகையும் நீளச் சோதனையும். அதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

இன்னும் 212 கோப்புகள் மிச்சம். அவை திஸ்கியும் இல்லை, ஒருங்குறியும் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஏதோ பழைய எழுத்துருவில் அடித்தவை, ஐகான்வ்வுக்குத் தெரியாது. எந்த எழுத்துரு என்று ஐயாவுக்கும் பெயர் நினைவில்லை. அது இருந்த ப்ளாப்பி மட்டும் மாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறதாம். ப்ளாப்பி படிக்கிற யுஎஸ்பி டிரைவ் ஒன்றுக்கு ரிச்சி தெருக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.